இருட்டில் வைக்கப்பட்ட கடல்: ஜான் மேரினின் வாட்டர்கலர் கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு சர்வேயிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1948-ல் அமெரிக்காவின் 'லுக்' பத்திரிகை, மியூசியம் இயக்குநர்களிடமும் கலை விமர்சகர்களிடமும் நாட்டின் சிறந்த ஓவியர்கள் யார் என்று கேட்டது. அப்போது எட்வர்ட் ஹாப்பர் இருந்தார். ஜார்ஜியா ஓ'கீஃப் இருந்தார். ரெண்டுமே ஏற்கெனவே பெரிய பெயர்கள். ஆனால் முதலிடம் போனது 77 வயதான ஜான் மேரினுக்கு.

யாரு அவர்? நியாயமான கேள்வி. ஹாப்பரோட ராத்திரி நேர டைனர் படத்தை மீமாகவாவது பார்த்திருப்பீங்க. ஓ'கீஃபோட பெரிய பெரிய பூக்கள் ஃபோன் கவர் வரைக்கும் வந்தாச்சு. மேரினோட படம் ஒண்ணுகூட உங்க டைம்லைனில் வந்திருக்க வாய்ப்பு குறைவு.

நம்பர் ஒன் என்று சொல்லப்பட்ட ஒரு ஓவியர் எப்படி இவ்வளவு சீக்கிரம் பார்வையிலிருந்து மறைவார்? அவர் எதை வைத்து வரைந்தார் என்பதில்தான் பாதி பதில் இருக்கு. தண்ணீர், காகிதம். கடலைப் பிடிக்க அவருக்கு உதவிய அதே ரெண்டு பொருள்கள்தான் பிற்பாடு அவரை மியூசியம் சுவரிலிருந்து கீழே இறக்கின. எப்படின்னு சொல்றேன்.

லேட்டாக வந்தவர்

மேரின் பிறந்தது 1870 டிசம்பரில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ரதர்ஃபோர்டில். பிறந்த சில நாட்களிலேயே அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் பெற்றோரும் சகோதரிகளும் சேர்ந்து வளர்த்தார்கள். இளவயதில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தார், சில வீடுகளை வடிவமைத்தார், அது ஒத்துவரவில்லை. 30 வயதை நெருங்கும்போதுதான் பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா அகாடமியில் ஓவியம் படிக்கப் போனார். 1905-ல் பாரிஸுக்குக் கிளம்பினார். அங்கே செம்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தில் அரித்து அச்செடுக்கும் எட்சிங் வேலைகள் செய்தார். கூடவே வாட்டர்கலர்.

நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்று ஒரு போட்டோகிராஃபர் இருந்தார். ஃபிஃப்த் அவென்யூவில் 291 என்ற கதவு எண்ணையே பெயராக்கி ஒரு சின்ன கேலரி நடத்தினார். ஐரோப்பாவின் புதிய கலையை அமெரிக்கர்களுக்கு முதலில் காட்டிய இடங்களில் அது ஒன்று. மேரினின் வாட்டர்கலர்களை 1909-ல் அங்கே வைத்தார். அடுத்த வருடம் மேரினுக்கு மட்டுமே ஒரு தனிக் கண்காட்சி. அப்போது மேரினுக்கு வயசு 39. முப்பது வயசுக்குள்ள செட்டில் ஆகலையேன்னு கவலைப்படுறவங்க இதைக் குறிச்சு வைச்சுக்கலாம்.

அதற்கப்புறம் ஸ்டீக்லிட்ஸ் ஒரு ஏற்பாடு செய்தார். நீ வரைஞ்சா போதும், விக்கிறது என் வேலை, வருஷச் செலவுக்கு நான் பார்த்துக்கிறேன். 1946-ல் ஸ்டீக்லிட்ஸ் இறக்கும் வரை இந்த உறவு நீடித்தது.

1911-ல் அதே 291-ல் செசானின் வாட்டர்கலர்கள் வந்தன. அந்தப் படங்களில் காகிதத்தின் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும். ஒரு மலைக்கு நாலு திட்டு, ஒரு மரத்துக்கு மூணு கோடு. மிச்சத்தை நம்ம கண் நிரப்பிக்கொள்ளும். வெற்றுக் காகிதமும் படத்தின் ஒரு பகுதிதான் என்ற இந்த யோசனை மேரினுக்குப் பிற்பாடு கடலோரத்தில் ரொம்பப் பயன்பட்டது.

முதலில் அவர் அதை முயன்றது நகரத்தில். 1913-ல் உல்வொர்த் கட்டடம் திறக்கப்பட்டபோது அதுதான் உலகின் மிக உயரமான கட்டடம். மேரின் அதை வரைந்த படங்களில் கட்டடம் நிமிர்ந்து நிற்காது. சாயும், நடுங்கும், பக்கத்துக் கட்டடத்தைத் தள்ளும். பெரியது சின்னதை இழுக்கிறது, சின்னது எதிர்த்துத் தள்ளுகிறது, இந்த விசைகளை நான் உணர்கிறேன், அதைத்தான் வரைகிறேன் என்பது அவர் கொடுத்த விளக்கம். முன்னாள் கட்டடக் கலைஞர் சொல்றார், கவனிங்க. கட்டடத்தில் எடை எங்கே இறங்கும், எது எதைத் தாங்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அது ஆடுவது போலவும் வரையத் தெரியும்.

கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒரு கரை

1914 கோடையில் மேரின் முதல் முறையாக மேய்ன் கடற்கரைக்குப் போனார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலை. அதற்கு மேல் கனடா.

மேய்னின் கடற்கரையை மேப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக அளந்தால் 228 மைல்தான். ஆனால் ஒவ்வொரு வளைவையும், கழிமுகத்தையும், தீவின் விளிம்பையும் சேர்த்து அளந்தால் கிட்டத்தட்ட 3,500 மைல். பழைய பனியாறுகள் பாறையைக் குடைந்து நகர்ந்தன. பனி உருகிக் கடல் மட்டம் ஏறியபோது பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேடுகளெல்லாம் தீவுகளாக மிஞ்சின. மணல் பரப்பு குறைவு. கிரானைட் பாறை, அதன் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள், உள்ளே குளிர்ந்த கடல். கிழக்கே போகப் போக ஓதம் 10 அடிக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் பார்த்த தீவு மத்தியானம் கரையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவில் மூடுபனி வந்தால் ரெண்டுமே தெரியாது.

இந்தக் கரையை வரைந்த முதல் ஆள் மேரின் இல்லை. வின்ஸ்லோ ஹோமர் 1883 முதல் 1910-ல் இறக்கும் வரை மேய்னின் ப்ரவுட்ஸ் நெக்கில் வாழ்ந்தவர். அலை பாறையில் மோதும் கணத்தை அவர் மாதிரி எடையோடு வரைந்தவர்கள் குறைவு. அவர் போய் நாலு வருஷம் கழித்து மேரின் அங்கே வந்தார். ஏற்கெனவே ஒரு மேதை வரைந்து முடித்த கடல் முன்னாடி உட்கார்ந்து புதுசா என்ன செய்றது? அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் அதுதான்.

சிக்கலைத் தீர்ப்பதற்கு முன்னால் அவர் ஒரு தீவு வாங்கினார். நிஜமாத்தான். 1915-ல், அந்த வருடச் செலவுக்காக ஸ்டீக்லிட்ஸ் கொடுத்த 1,200 டாலரை வைத்து, ஸ்மால் பாயிண்ட் பக்கத்தில் ஒரு குட்டித் தீவை வாங்கிவிட்டார். அழகான தீவு. ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அப்போதுதான் கல்யாணம் ஆகி ஒரு கைக்குழந்தையும் இருந்தது. ஸ்டீக்லிட்ஸுக்கு வந்த எரிச்சல் புரிந்துகொள்ளக்கூடியது. மேரினோ அந்தத் தீவை வரைந்தார். குடியிருக்க உதவாத தீவு, படமாக உதவியது.

1919-லிருந்து டீர் ஐல் தீவின் ஸ்டோனிங்டன் ஊருக்குப் போக ஆரம்பித்தார். கிரானைட் குவாரிகளும் மீனவர்களும் நிறைந்த ஊர். அங்கே வெட்டிய கல் கப்பலில் நியூயார்க் போய்க் கட்டடங்களாகவும் பாலங்களாகவும் நின்றது. நகரத்தில் அவர் வரைந்ததற்கும் இங்கே வரைந்ததற்கும் நடுவில் இப்படி ஒரு கல் தொடர்பு இருக்கு. 1933-ல் இன்னும் கிழக்கே, அடிசன் பக்கத்து கேப் ஸ்பிளிட்டுக்குப் போனார். அடுத்த வருடம் அங்கே பாறை மேல், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு வீட்டை வாங்கினார். குளிர்காலம் நியூ ஜெர்சியில், கோடை மேய்னில். 1953-ல் இறந்ததும் கேப் ஸ்பிளிட்டில்தான்.

ஏன் வாட்டர்கலர்?

ஸ்கூல்ல வாட்டர்கலர் பாக்ஸ் வைச்சிருந்தவங்களுக்கு இதோட கஷ்டம் தெரியும். ஆயில் பெயிண்டில் தப்பா வந்தால் மேலே பூசி மறைக்கலாம். வாட்டர்கலரில் நிறம் கண்ணாடி மாதிரி. கீழே போட்டது மேலே தெரியும். வெள்ளை வேண்டுமென்றால் அங்கே காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். நுரைக்கு எங்கே இடம் விடணும்னு அலையை வரையறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும். ஈரத்தின் மேல் ஈரம் பட்டால் நிறம் தன் போக்கில் ஓடும். காற்றில் ஈரம் அதிகமென்றால் காயவே காயாது. கடற்கரையில் அது எப்பவும் அதிகம்தான்.

ஆனால் இதில் ஒரு லாபம் இருக்கு. வேகம். கையில் எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறலாம். மூடுபனி விலகும் பத்து நிமிஷத்துக்குள் ஒரு படத்தைப் பிடித்துவிடலாம்.

மேரின் அந்தப் பொருளை மரியாதையாக நடத்தவில்லை என்றே சொல்லலாம். முதலில் கரித்துண்டால் கோடு. அதன் மேல் நிறைய தண்ணீர் கலந்த ஒரு பரவலான பூச்சு. அது காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷைச் சொரசொரப்பான காகிதத்தில் இழுத்துவிடுவார். காகிதத்தின் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்களில் வெள்ளை மிஞ்சும், தண்ணீரில் வெயில் மினுங்குவது வந்துவிடும். பூசின நிறத்தைத் துடைத்து எடுப்பார், காகிதத்தைச் சுரண்டி உள்ளே இருக்கும் வெள்ளையை வெளியே கொண்டுவருவார். இரண்டு கைகளாலும் வரைவார். ஓரத்தில் மை கோடு, நடுவில் வெற்றிடம். எட்சிங் ஊசியைப் பல வருஷம் பிடித்த கை அந்தக் கோடுகளில் தெரியும்.

ஹோமர் விட்டுவைத்த சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த பதிலை 1922-ல் வரைந்த 'மேய்ன் தீவுகள்' படத்தில் பார்க்கலாம். இப்போது வாஷிங்டனின் பிலிப்ஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. உயரத்திலிருந்து பார்க்கிறோம். தூரத்தில் தீவுகள், மென்மையான நிறத்தில். ஆனால் படத்தின் இரண்டு பக்கமும் அழுத்தமான சாய்வுக் கோடுகள், உடைந்த ஜன்னல் சட்டம் மாதிரி. படத்துக்குள்ளேயே இன்னொரு ஃப்ரேம். அந்தக் கோடுகள் கடலில் கிடையாது, மரத்திலும் கிடையாது. நம்ம பார்வையை அது இடுக்கிப் பிடித்து தூரத்துக்குத் தள்ளுகிறது.

படகில் உட்கார்ந்துகிட்டு ஃபோன்ல வீடியோ எடுத்திருக்கீங்களா? தொடுவானம் ஒரு பக்கம் சாயும், படகின் விளிம்பு ஒரு மூலையில் உள்ளே வரும், அடுத்த நொடி வெறும் வானம். எடிட் பண்ணும்போது அதையெல்லாம் வெட்டிடுவோம். மேரின் அதை வெட்டாமல் உள்ளேயே வைத்தார். ஹோமர் வரைந்தது கடல் என்ன செய்கிறது என்பதை. மேரின் வரைந்தது, கடலின் முன்னால் நிற்கும் ஒரு ஆளின் கண்ணும் காலும் என்ன பாடுபடுகின்றன என்பதையும் சேர்த்து.

நவீனத்துவம் என்றாலே நகரம், மெஷின், கஃபே என்று நமக்கு ஒரு படம் மனசில் இருக்கும். இங்கே அது மீன்பிடி கிராமத்தில், பாறை மேல், பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இருக்கும் அதே சாதனத்தை வைத்து நடந்திருக்கு.

6,000 டாலர் சண்டை

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். கலை உலகத்தில் வாட்டர்கலருக்கு ரொம்ப காலமாக இரண்டாம் இடம்தான். ஆயில்தான் 'உண்மையான' ஓவியம். வாட்டர்கலர் என்றால் பயண ஸ்கெட்ச், வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு, ஆயிலுக்கு முன்னோட்டம் என்று ஒரு பார்வை. ஹோமர் அதை ஓரளவு மாற்றினார். ஸ்டீக்லிட்ஸ் விலையை வைத்து மாற்றப் பார்த்தார்.

1927-வாக்கில் டங்கன் பிலிப்ஸ் என்ற சேகரிப்பாளர் மேரினின் ஒரு வாட்டர்கலரை 6,000 டாலருக்கு வாங்கினார் என்ற செய்தி பரவியது. அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும் ஒரு அமெரிக்கரின் காகித ஓவியத்துக்கு அது யாரும் நம்பாத தொகை. உண்மையில் அந்தப் பேரத்தில் பிலிப்ஸுக்கு இன்னும் சில மேரின் படங்களும் சேர்ந்தே கிடைத்திருந்தன. ஒரு படத்துக்கு 6,000 என்று வெளியே பேச்சு போனதும் அவருக்குக் கோபம், பெரிய மனஸ்தாபம். ஸ்டீக்லிட்ஸ் சுத்தமான தியாகி கிடையாது. சந்தையை எப்படி ஏற்றுவது என்று நன்றாகத் தெரிந்தவர். மேரினின் புகழில் அவருடைய மார்க்கெட்டிங்குக்கும் பங்கு உண்டு, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் வெறும் மார்க்கெட்டிங் அவ்வளவு தூரம் இழுக்காது. 1936-ல் நியூயார்க்கின் மாடர்ன் ஆர்ட் மியூசியம் மேரினுக்கு ஒரு பெரிய ரெட்ரோஸ்பெக்டிவ் நடத்தியது. 1948-ல் அந்த சர்வே. 1950-ல் வெனிஸ் பினாலேயின் அமெரிக்க அரங்கில் மேரினுக்குத் தனி இடம்.

அதே அரங்கில் மிச்ச இடத்தில் யார் இருந்தார்கள் தெரியுமா? ஜாக்சன் பொல்லாக், வில்லெம் டி கூனிங், ஆர்ஷைல் கோர்க்கி.

சுவர் பெரிசாச்சு

1949 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை பொல்லாக்கைப் பற்றி ஒரு கட்டுரை போட்டு, அமெரிக்காவில் வாழும் மிகப் பெரிய ஓவியர் இவர்தானா என்று கேட்டது. 'லுக்' மேரினைத் தேர்ந்தெடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அளவை மட்டும் பாருங்க. பொல்லாக் 1950-ல் வரைந்த 'ஒன்: நம்பர் 31' சுமார் 5.3 மீட்டர் அகலம். மேரினின் வாட்டர்கலர்கள் பெரும்பாலும் அரை மீட்டர் அளவில் நிற்கும், பையில் வைத்துப் பாறை ஏறும் அளவு. புதிய மியூசியங்கள் பெரிய வெள்ளைச் சுவர்களோடு வந்தன. அந்தச் சுவரை ஒரே ஆயில் கேன்வாஸ் நிரப்பிவிடும். இத்தனைக்கும் பொல்லாக்குக்கு முன்னாடியே கோட்டை அதன் போக்கில் ஓடவிட்டவர், கை அசைவையே படமாக்கியவர் மேரின். கடைசி வருடங்களில் ஆயிலிலும் நிறைய கடல் வரைந்தார். ஆனால் அவர் பெயர் நின்றது வாட்டர்கலரில்.

அங்கேதான் கதையின் கடைசிச் சிக்கல்.

வாட்டர்கலரில் நிறத்துகள் ரொம்ப மெல்லிய படலம். ஆயிலில் இருப்பது போல எண்ணெயின் பாதுகாப்பு கிடையாது. வெளிச்சம் நேராக அதைத் தாக்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. 1888-லேயே பிரிட்டனில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் அரசாங்கத்துக்காகச் சோதித்து, ஒளி பட்டால் எந்தெந்த வாட்டர்கலர் நிறங்கள் வெளுக்கும் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். ஹோமர் 1887-ல் வரைந்த ஒரு படம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. வயலில் ஒரு பையன், பின்னால் வெளிறிய வானம். ஆய்வு செய்து பார்த்தபோது அந்த வானம் முதலில் செக்கச் சிவந்த அந்தி வானமாக இருந்தது தெரிந்தது. சிவப்பு முழுக்க வெளுத்துவிட்டது. சாயங்காலமாக வரைந்த படத்தை எந்த நேரம் என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால் மியூசியங்கள் என்ன செய்கின்றன? வாட்டர்கலரைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில் வைக்கிறார்கள். நம்ம ஆபீஸ் மேஜை மேல் விழும் வெளிச்சம் அதைப்போல பல மடங்கு. அதுவும் சில மாதங்கள்தான். அப்புறம் பெட்டிக்குள், இருட்டில், சில வருடங்கள் ஓய்வு. ஹாப்பரின் ஆயில் படம் வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கும், ஸ்கூல் பிள்ளைகள் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், போஸ்டர் ஆகும், மீம் ஆகும். மேரின் டிராயருக்குள் இருப்பார்.

ரசனை மாறியதால் மட்டும் ஒரு ஓவியர் மறைவதில்லை. யாருடைய படம் தினமும் கண்ணில் படுகிறதோ அவர்தான் வரலாறாக மிஞ்சுகிறார். நமக்குத் தெரிந்த கலை வரலாற்றில் ஒரு பெரிய பங்கு, வெளிச்சத்தைத் தாங்கும் பொருட்களின் வரலாறு. காகிதம், துணி, இயற்கைச் சாயம் இவற்றில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும், எந்த நாட்டில் இருந்தாலும், இந்த அநியாயம் பொதுவானது.

மேரின் ஆயிலுக்கு முழுசா மாறியிருக்கலாமே என்று கேட்கலாம். மாறியிருந்தால் சுவர் கிடைத்திருக்கும். பத்து நிமிஷ மூடுபனி கிடைத்திருக்காது. அவர் வரைந்தது நிலைக்காத ஒன்றை. அதற்கு ஏற்ற, தானும் எளிதில் அழியக்கூடிய ஒரு பொருளை அவர் எடுத்தார். அதில் எனக்கு ஒரு நேர்மை தெரியுது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இருட்டில் இருப்பதால்தான் அந்த நீலமும் பச்சையும் இன்னும் உயிரோடு இருக்கு. ஸ்டீக்லிட்ஸ் இறந்த பிறகு ஓ'கீஃப் அவருடைய சேகரிப்பைப் பல மியூசியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். சிகாகோவுக்குப் போன பங்கில் மேரினின் வாட்டர்கலர்கள் நிறைய. 2011-ல் அந்த மியூசியம் அவற்றை வெளியே எடுத்து ஒரு கண்காட்சி வைத்தது. முடிந்ததும் அவை திரும்பப் பெட்டிக்குள் போயின.

ஒரு சின்ன டிப்ஸோட முடிக்கிறேன். பெரிய மியூசியங்கள் பலவற்றில் காகித ஓவியங்களுக்கென்று ஒரு படிப்பறை உண்டு. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினால், டிராயரிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துக் காட்டுவார்கள். மாணவர்கள் மட்டும்தான் என்றில்லை, யாரும் கேட்கலாம். அமெரிக்கா போகிற நண்பர்கள் இருந்தால் சொல்லி வைங்க. போக முடியாதவங்களுக்கு, இந்த மியூசியங்களின் ஆன்லைன் சேகரிப்புகள் இலவசம். 'மேய்ன் தீவுகள்' படத்திலிருந்து ஆரம்பிங்க, ஜூம் பண்ணி அந்த உலர்ந்த பிரஷ் தடங்களைப் பாருங்க. அதோட, அடுத்த முறை எந்த ஊர் மியூசியத்திலாவது மங்கலான வெளிச்சத்தில் ஒரு சின்ன அறை தெரிந்தால், லைட் சரியில்லைன்னு தாண்டிப் போயிடாதீங்க. உள்ளே போய் ஒரு நிமிஷம் நில்லுங்க, கண் பழகிடும். அங்கே இருக்கிறது அடுத்த வருஷம் இருக்காது.